பேச்சுக்கான மதிப்பெண்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

நேற்று நீ மூன்று முறை போன் செய்தாய். நான் எடுக்காததற்கு வேலை காரணம் இல்லை. எடுத்திருந்தால் "எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டிருப்பாய், நான் "ம்" என்றிருப்பேன். நீ அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு கடை முழுக்கச் சொல்லியிருப்பாய். அதனால் எழுதுகிறேன். எழுத எனக்கு வரும்.

பிரெஞ்சுத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றிலும் நமக்கு வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது. பேச்சில் மட்டும் அடிமட்டம்.

நடந்தது இதுதான். சின்ன அறை. உள்ளே விடுவதற்கு முன் என்னைச் சுவரோரம் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். சான்றிதழில் அந்தப் படம்தான் வருமாம். அதில் பிடிபட்ட திருடியைப் போல இருக்கிறேன். மேசைமேல் குரலைப் பதிவு செய்யும் கருவி, எதிரே ஓர் அம்மா. வாடகைக்கு அறை இருக்கிறது என்ற விளம்பரத்தைக் கையில் கொடுத்தார். அவர் வீட்டுக்காரர், நான் குடிவர நினைப்பவள். நான் கேள்வி கேட்க வேண்டும். ஜன்னல் உண்டா, தண்ணீர் எப்போது வரும், துணி எங்கே உலர்த்துவது. எல்லாவற்றுக்கும் எனக்குச் சொல் தெரியும். வாய்க்குள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. அவர் சிரித்து, தொடங்கலாம் என்றார். பிறகு இன்னொரு முறை சிரித்தார். கருவியில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் "ஜன்னல்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த பகுதியில் ஒரு தோழியை எதற்காவது சம்மதிக்க வைப்பதுபோலப் பேச வேண்டும். நீயாக இருந்தால் அந்த அம்மாவுக்கே நாலு ஜன்னலுக்குத் திரைச்சீலை விற்றுவிட்டு வந்திருப்பாய். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்த மன்னிப்பை மட்டும் பிழையில்லாத பிரெஞ்சில் கேட்டேன்.

அக்டோபரில் எனக்கு முப்பது. அதன் பிறகு குடியேற்றக் கணக்கில் வயதுக்கான மதிப்பெண் குறைய ஆரம்பிக்கும். அதைச் சரிக்கட்டத்தான் பிரெஞ்சு. அது இருந்தால்தான் நான் குடியேற நினைக்கும் நாட்டின் வரிசையில் என் பெயர் மேலே வரும். இங்கே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன். நிரந்தரம் எப்போது என்று கேட்க வாய் திறப்பதற்குள் மேனேஜர் "அடுத்த தடவை பாக்கலாம்" என்கிறார். நான் கேட்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. எப்போதும் போல.

உன் தங்கை


பிப்ரவரி 17

பூச்சிக்கு,

கடையில் பில் எழுதுவதைத் தவிர நான் வேறு எதுவும் எழுதி வருஷக்கணக்காகிறது. பேசுகிற மாதிரி எழுதினால் நீ திருத்துவாய் என்று பயந்து, பள்ளிக்கூடத்தில் எழுதின மாதிரி எழுதுகிறேன். பிழை இருந்தால் வாயை மூடிக்கொண்டு படி. அது உனக்குக் கைவந்த கலை.

அழுதிருப்பாய். குழாயைத் திறந்துவிட்டு அழுதிருப்பாய், அடுத்த அறைக்காரிக்குக் கேட்கக் கூடாது என்று. போகட்டும் விடு. முன்பின் தெரியாத ஒருத்தி எதிரே உட்கார்ந்து பேசு என்றால் நீ எப்படிப் பேசுவாய்? எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் உன் மாமாவைப் பார்த்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாய். அவர் அடுப்படிக்கு வந்து, "இப்ப யாரு பேசினது?" என்று என்னைக் கேட்டார்.

காலேஜில் உன்னைச் சேர்க்கப் போனது ஞாபகம் இருக்கிறதா? பிரின்சிபால் உன் பெயரைக் கேட்டார், நான் சொன்னேன். மார்க்கைக் கேட்டார், நான் சொன்னேன். எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டார், அதையும் நானே சொன்னேன். "காலேஜுக்கு வரப்போறது நீயாம்மா, அவளா?" என்றார். "சீட்டுக் குடுங்க சார், ரெண்டு பேர்ல யாராவது வர்றோம்" என்றேன். நம் வீட்டுக்கு முதல் பட்டம் அப்படித்தான் வந்தது.

இப்போது விஷயம். கடைக்குப் பின்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஓர் ஆலோசகர் ஆபீஸ் போட்டிருக்கிறார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் டை கட்டியிருப்பார். கண்ணாடிக் கதவுக்குத் திரை வாங்க வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். உன் மதிப்பெண்ணைச் சொன்னதும், "மூணு சப்ஜெக்ட் பிரமாதம் மேடம். பேச்சு ஒண்ணுதானே? அதை மட்டும் ஏத்திக்கலாம்" என்றார். மறுபடி பரீட்சை எழுதத் தேவையில்லையாம். சான்றிதழ் கையில் வந்துவிடுமாம்.

மாமா, "அது பொய்யில்லையா?" என்று இழுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் எங்கே இருக்கிறது? உனக்குப் பிரெஞ்சு தெரியும். அந்தப் பத்து நிமிஷம் தொண்டை அடைத்துக்கொண்டதற்காகத் தெரியாது என்று ஆகிவிடுமா? தெரிந்ததைத் தெரியும் என்று எழுதித் தருகிறார், அவ்வளவுதான்.

அப்பாவிடம் "ரிசல்ட் இன்னும் வரலை" என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஓட்டுகிற லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. மூன்றாம் மாடியில் ஆரம்பித்தால் ஐந்தாம் மாடிக்குள் நீ விமானம் ஏறிவிடுகிறாய். நாள் முழுக்க அந்தப் பெட்டிக்குள் நின்று கால் வீங்கிவிடுகிறது. நீ அங்கே போய் நின்றால்தான் அவரை அந்த லிஃப்டிலிருந்து இறக்க முடியும். அதை மட்டும் நினைத்துப் பார்.

யோசிக்காமல் சரி என்று எழுது.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

வேண்டாம். இதை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் எக்ஸ்ரே அறையில் ஒருவர் இருக்கிறார். எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவர், உன்னைப் போல. போன வருஷம் அவரும் ஓர் ஆளைப் பிடித்துப் பிரெஞ்சுச் சான்றிதழ் வாங்கினார். பார்க்க அசலைப் போலவே இருந்தது. முத்திரை, எண், கையெழுத்து எல்லாம் இருந்தன. ஆனால் ஒவ்வொரு சான்றிதழிலும் இருக்கிற எண்ணைத் தேர்வு நடத்துகிறவர்களிடமே கொடுத்துச் சரிபார்க்கிறார்கள். இந்த எண்ணில் இன்னார் எழுதினாரா, எந்த நாள், எந்த இடம், அன்று எடுத்த படம் எது, பதிவான குரல் எங்கே என்று கேட்கிறார்கள். அவருக்குப் படமும் இல்லை, குரலும் இல்லை. ஐந்து வருஷம் விண்ணப்பிக்கவே கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். அவருடைய தம்பி அங்கேதான் இருக்கிறான். அவன் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியவில்லை. விற்ற ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சான்றிதழில் அவன் பெயர் இல்லையே. இப்போது எக்ஸ்ரே அறையில் அவர் "மூச்சை இழுங்க, விடுங்க" என்பதற்கு மேல் பேசுவதில்லை.

தெரிந்ததைத்தானே எழுதித் தருகிறார் என்கிறாய். ஒருவருக்குச் சர்க்கரை இருப்பது ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அதற்காக ரத்தம் எடுக்காமல் முடிவு எழுதித் தர முடியுமா? நான் எழுதுகிற எண் சரியாகவே இருந்தாலும் அது பொய்தான் அக்கா.

அங்கீகாரம் உள்ள மையத்தில் நானே பதிந்து, நானே போய் உட்கார்ந்து, நானே பேசினால்தான் அது செல்லும். வேறு எந்த வழியும் வழி இல்லை. டைக்காரரின் மாடிப்படி ஏறாதே.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் தினமும் கேட்பாய். நீ கேட்கக் கேட்க எனக்கு நடக்காமல் போய்விடும்.

உன் தங்கை


மார்ச் 5

பூச்சிக்கு,

சரி. வாங்கவில்லை. உன் யோசனை என்ன என்றும் கேட்கவில்லை. போதுமா?

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. அக்டோபர் நமக்காகக் காத்திருக்காது. டைக்காரர் வழியாகப் பெயரைப் பதிவு மட்டும் செய்கிறேன், இருக்கிற மதிப்பெண்ணை வைத்து. மேல்மாடிக்கு ஏறாதே என்றாயே, அவர்தான் கீழே இறங்கி வந்தார். இதோடு உள்ள காகிதங்களில் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சில பக்கம் காலியாக இருக்கும், அதை அவர்கள் நிரப்பிக்கொள்வார்களாம். போன் நம்பருக்கு என்னுடையதைக் கொடுத்திருக்கிறேன். உன் நம்பரைக் கொடுத்தால் நீ எடுத்துத்தானே மறுவேலை பார்ப்பாய்.

எக்ஸ்ரேக்காரர் கதை கேட்டு மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "நான் சொல்லலை?" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் கடையிலேயே கத்திவிடுவாய்.

நான் மறுபடி தேர்வு எழுதினேன். பேசினேன். இதோடு இருப்பது முடிவின் நகல். பேச்சுக்கு எதிரே இருக்கும் எண்ணைப் பார். நமக்கு வேண்டியதைவிட ஒரு படி மேலே இருக்கிறது.

எப்படி என்று கேட்பாய். எங்கள் கூடத்தில் ரத்தக் குப்பிகளைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதன் முன்னால் நின்று பேச ஆரம்பித்தேன். முதலில் முணுமுணுப்பாக. பிறகு சத்தமாக. அது சுற்றும் நேரம் முழுக்க நானும் நிறுத்தக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அறை வாடகைக்குக் கேட்டேன். ரயில் தாமதமானதற்குச் சண்டை போட்டேன். மேனேஜரிடம் என் வேலை எப்போது நிரந்தரம் ஆகும் என்று பிரெஞ்சில் விரலை நீட்டிக் கேட்டேன். தரை துடைக்கிற அக்கா ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"யாருகிட்ட சண்டை போடறே?"

"மிஷின்கிட்ட."

"பதில் சொல்லுதா?"

"இல்ல."

"அப்ப நல்லா திட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் பேசும்போது வேறு யாரும் உள்ளே வராமல் அவரே வாசலில் வாளியை வைத்துவிடுவார்.

தேர்வில் இந்த முறை ஜலதோஷம் பிடித்த ஒரு மனிதர். ஒரு தோழியை நீச்சல் வகுப்பில் சேரச் சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும். எதிரே இருப்பது நீ என்று நினைத்துக்கொண்டேன். குறுக்கே பேசாத நீ. வார்த்தை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, சேர்ந்துவிடுகிறேன்" என்றார். சுவரோரம் எடுத்த படத்தில் இந்தத் தடவையும் திருடிதான். பரவாயில்லை.

உன்னிடம் மறைத்ததற்குக் கோபிக்காதே. தோற்றால் உனக்குத் தெரியாமலே தோற்க வேண்டும் என்று நினைத்தேன். இதை டைக்காரரிடம் கொடுத்து, பழைய மதிப்பெண்ணை எடுத்துவிட்டு இதைப் பதியச் சொல். அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அப்பாவிடம் இந்த முறை நானே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். ஆமாம், நானே செய்கிறேன்.

உன் தங்கை


ஜூலை 1

பூச்சி,

ஞாயித்துக்கிழமை உன் போனை நான் எடுக்கலை. அப்பாவையும் எடுக்க விடலை. இனிமே பள்ளிக்கூடத் தமிழ் எனக்கு வராது. பேசற மாதிரியே எழுதறேன், திருத்திக்கோ.

வாங்கலைன்னு எழுதினேன் இல்ல, வாங்கிட்டேன். அந்தக் கடிதம் எழுதறதுக்கு முந்தின நாளே டைக்காரர்கிட்ட சொல்லியாச்சு. யோசனை இருக்குன்னு நீ எழுதினதும், பூச்சி பின்வாங்கிட்டான்னு நினைச்சேன். உனக்கு யோசனைன்னா எப்பவும் 'விட்டுடுக்கா'தானே. நீ போய் ஒரு மிஷின் முன்னாடி நின்னு பேசுவேன்னு நான் கனவுலகூட நினைக்கலை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. 'மறுபடி எழுதப் போறேன்'னு மூணு வார்த்தை.

மே மாசம் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்துச்சு. அந்தச் சான்றிதழோட மதிப்பெண்ணை வெச்சுத்தான் வந்துச்சு. நீ கையெழுத்துப் போட்ட பக்கங்களை நிரப்பி எல்லாத்தையும் அனுப்பியாச்சு. விசாவே வந்ததும் மொத்தமா சொல்லி உன்னை அழ வைக்கலாம்னு இருந்தேன்.

உன் நகலை எடுத்துட்டு டைக்காரர்கிட்ட ஓடினேன். "இதை வெச்சிடுங்க, அதை எடுத்துடுங்க"ன்னேன். அவர் நகலைக் கையில வாங்கக்கூட இல்லை. "புதுசை உள்ளே வெச்சா பழசு என்னன்னு கேப்பாங்க மேடம். தூங்கறவங்களை ஏன் எழுப்பறீங்க? தொடாதீங்க"ன்னார்.

எனக்கும் அதுதான் சரின்னு தோணுது. ரெண்டு காகிதத்துலயும் இருக்கறது நீதான். ரெண்டுலயும் பேச்சு தேறிடுச்சு. உண்மையாவே உனக்கு வந்துடுச்சே, அப்புறம் எது பொய்? அப்படியே விட்டுடு. கை எடுத்துக் கும்பிடறேன்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

டைக்காரர் ஆபீஸில் கேட்டுக் கடவுச்சொல் வாங்கினேன். போனில்தான் கேட்டேன். அந்தப் பெண் கொடுக்க மறுத்தாள். கொடுக்கும்வரை நான் வைக்கவில்லை.

விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். அந்தச் சான்றிதழின்படி நான் காலடி வைக்காத ஒரு நகரத்தில் தேர்வு எழுதியிருக்கிறேன். அந்தத் தேதியில் எனக்கு இங்கே காலை முறை வேலை. என் வருகைப் பதிவும் அதைத்தான் சொல்லும். படம் உன் கல்யாணத்தில் எடுத்தது. என் தோள்மேல் உன் கை இருந்த இடத்தை வெள்ளையாக்கியிருக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். தேர்வு அறைக்கு வெளியே யாராவது அப்படிச் சிரிப்பார்களா? அவர்களுக்கு எண்ணைச் சரிபார்க்கும் வேலைகூட வைக்கவில்லை நீங்கள்.

கடைசிப் பக்கத்தில், இதில் உள்ளதெல்லாம் உண்மை, என் சார்பில் யார் எதைக் கொடுத்தாலும் பொறுப்பு என்னுடையது என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. நீ அனுப்பிய காகிதம், பென்சில் புள்ளி, நான் படிக்கவில்லை. நீ சொன்னாய், போட்டேன். அந்தத் தப்பு என்னுடையது. அதை உன் தலையில் கட்டவில்லை.

அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிச் சொல்லப்போகிறேன். இந்தச் சான்றிதழ் என்னுடையது இல்லை, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் சொன்னால் ஒரு வழி கிடைக்கலாம் என்று விசாரித்ததில் தெரிந்தது. கிடைக்கலாம், அவ்வளவுதான். டைக்காரரிடம் நீ கொடுத்த காகிதம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி அனுப்பு. இதைப் பற்றி யாரிடமும், எதையும் பேசாதே. உன்னால் முடியாது என்று தெரியும். இந்த ஒரு முறை முயற்சி செய்.

தங்கை


ஜூலை 13

பூச்சி,

காலம் கடந்துடுச்சு.

உன் கடிதம் வந்த அன்னிக்கே இதை எழுதியிருக்கணும். பயமா இருந்துச்சு. போன மாசக் கடைசியில, உன் நகல் எனக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடி, கடையில ஒரு அம்மாவுக்குத் துணி அளந்துட்டிருந்தப்போ ஒரு போன் வந்துச்சு. ஏதோ நீளமான நம்பர். உன் பேரைச் சொல்லி, நீங்கதானேன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. நான் எப்பவும் சொல்ற மாதிரி ஆமான்னேன். உன் ஸ்கூல்லேர்ந்து, பேங்க்லேர்ந்து யார் கேட்டாலும் நான்தானே நீ.

பொறந்த தேதி கேட்டாங்க, சொன்னேன். வேலை கேட்டாங்க, சொன்னேன். அப்புறம் சட்டுனு அந்தக் குரல் பிரெஞ்சுக்கு மாறிடுச்சு. நீ சின்ன வயசுப் பிள்ளை மாதிரி வீட்டுல 'வீ, வீ'ன்னு சொல்லிட்டுத் திரிவியே, ஆமாங்கறதுக்கு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். "வீ"ன்னேன். ஏதோ நீளமா கேட்டாங்க. "வீ"ன்னேன். இன்னொண்ணு கேட்டாங்க, ரொம்ப மெதுவா, குழந்தைகிட்ட கேக்கற மாதிரி. நான் ஆயுசுல வாயடைச்சு நின்னது அன்னிக்குத்தான். அவங்களே நன்றி சொல்லி வெச்சுட்டாங்க.

உனக்கு அந்தப் பரீட்சை ரூம்ல எப்படி இருந்திருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

டைக்காரர்கிட்ட சொன்னேன். "சிக்னல் சரியில்லைன்னு ஒரு மெயில் போட்டுடலாம் மேடம்"ன்னு சிரிச்சார். முந்தாநேத்து போய்ப் பாத்தா கதவு பூட்டியிருக்கு. நான் அளந்து தைச்சுக் குடுத்த திரை தொங்குது. இடுக்கு வழியாப் பாத்தேன், உள்ளே மேசைகூட இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர், "உங்களோட சேத்து இன்னிக்கு ஆறாவது ஆள்"ங்கறார்.

நேத்து விசா ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கு. சான்றிதழ் மேல சந்தேகம், விளக்கம் குடுன்னு. இந்த ஒரு தடவை நான் எழுதறேன். எல்லாம் நான் பண்ணினது, என் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதறேன். என்னைப் பேச விடு பூச்சி.

அக்கா


செப்டம்பர் 28

அக்கா,

உன்னைப் பேச விடவில்லை. அதற்கு மன்னித்துக்கொள். மன்னிக்காவிட்டாலும் சரி.

நீ அனுப்பும் காகிதங்களுக்காகக் காத்திருந்ததில் நோட்டீஸ் முந்திக்கொண்டது. விளக்கத்தை நானே எழுதினேன், பிரெஞ்சில். நடந்ததை நடந்தபடி எழுதினேன். உண்மையான சான்றிதழை இணைத்தேன். அந்தத் தேதியில் நான் வேலையில் இருந்ததற்கு ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கினேன். மேனேஜர் எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் கடிதம் கொடுத்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் என் நம்பருக்கே கூப்பிட்டார்கள். ஓர் அதிகாரி, பெண் குரல். பிரெஞ்சில் பேசலாமா என்று கேட்டார். பேசினோம். நான் ஒரு முறைகூடத் திணறவில்லை அக்கா. அன்றைக்குப் போனை எடுத்தது யார் என்று கேட்டார். என் அக்கா என்றேன். தான்தான் நீங்கள் என்று அவர் ஏன் சொன்னார் என்றார். எனக்காக எப்போதும் அவள்தான் பேசுவாள் என்றேன். அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்று கேட்டார். கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள் என்றார். அப்போது எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. உடனே சொன்னார்: "உங்களுக்கு மொழி தெரியுமா என்பது இப்போது கேள்வி இல்லை."

முடிவு நேற்று வந்தது. மறுப்பு. தவறான ஆவணம் கொடுத்ததற்காக ஐந்து வருஷத் தடை. நான் முன்வந்து சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாதாம். அந்தப் போனுக்கும், அவர்கள் கேட்டதற்கும் பிறகுதான் சொன்னேனாம். அதுவும் உண்மைதான்.

என் சான்றிதழ் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். தடை முடிந்த கையோடு எனக்கு முப்பத்தைந்து. வயதுக்கான மதிப்பெண் அப்போது எவ்வளவு என்று பார்த்தேன். பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

அப்பாவிடம் நீயே சொல், அல்லது சொல்லாதே. லிஃப்டில் அவர் சொல்லிக்கொண்டிருக்கட்டும். என்னால் அவரிடம் சொல்ல முடியும். அதுதான் பயமாக இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தால் யார் செய்தது என்பதையும் சொல்லிவிடுவேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதி அடித்தேன். கோபம் இருக்கிறது. நீ என்னை நம்பவில்லை என்பதில்தான் அத்தனையும். நானும் உன்னை நம்பிச் சொல்லவில்லை. அது தெரிந்தும் கோபம் குறையவில்லை. எனக்குப் போன் செய்யாதே. இப்போதெல்லாம் நான் எடுத்துவிடுகிறேன்.

தங்கை


அக்டோபர் 15

பூச்சி,

போன் பண்ணலை. உன் பொறந்தநாளுக்குக்கூடப் பண்ணலை. கையில எடுத்துட்டு எடுத்துட்டு வெச்சேன். மாமா பாத்தார். 'நான் சொல்லலை?'ன்னு அவர் ஒரு தடவை சொல்லிட்டா எனக்குத் தேவலை. சொல்ல மாட்டேங்கறார்.

அப்பாகிட்ட சொல்லிட்டேன். யார் பண்ணினதுன்னும் சொல்லிட்டேன். சாப்பிட்டுட்டிருந்தார், சாப்பிட்டு முடிச்சார். மறுநாள் வேலைக்குப் போனார். லிஃப்டுல இப்ப மாடி நம்பர் மட்டும்தான் சொல்றாராம். அந்த பில்டிங்ல வேலை செய்யற ஒருத்தி கடைக்கு வந்து, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டா.

உன்கிட்ட மன்னிப்புக் கேக்க இதை எழுதலை. கேட்டா அதுக்கும் நீதான் ஏதாவது நல்லதா பதில் எழுதணும். வேற ஒரு விஷயம்.

நேத்து ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. பையன் அதே நாட்டுக்குப் போறானாம். அவங்களே ஆரம்பிச்சாங்க. பிரெஞ்சு ஒண்ணுதான் இடிச்சுதாம், ஒருத்தர் முடிச்சுக் குடுக்கறாராம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் புது ஆபீஸ். "டை கட்டியிருப்பாரா?"ன்னு கேட்டேன். "எப்படித் தெரியும்?"ன்னு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத் தெரிஞ்சவர்னு ஆனதும் அவங்களுக்கு நம்பிக்கை ஜாஸ்தியாயிடுச்சு.

உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். ஒண்ணு விடலை. படம், குரல், நம்பரைச் சரிபாக்கறது, போன்ல நான் 'வீ'ன்னது, அஞ்சு வருஷம், கதவு பூட்டினது. பையனையே போய் எழுதச் சொல்லுங்க, ஆறு மாசம் ஆனாலும் ஆகட்டும், தோத்தாலும் மறுபடி எழுதட்டும்னேன். நாலு பேருக்கு வேண்டாத துணியை வேணும்னு ஆக்கறவ நான். அன்னிக்கு இருந்த திறமை எல்லாத்தையும் போட்டுப் பேசினேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கேட்டார்.

அந்தம்மா பொறுமையா கேட்டாங்க. பாவமாயிடுச்சு அவங்களுக்கு, என் கையைக்கூடப் பிடிச்சுக்கிட்டாங்க. "உங்க ராசி அப்படி ஆயிடுச்சும்மா. என் பையனுக்கு அப்படி ஆகாது"ன்னாங்க. அப்புறம், "உங்க தங்கச்சிக்குப் பிரெஞ்சு சுத்தமா வராதா?"ன்னு கேட்டாங்க.

"நல்லா வரும். எல்லாரையும்விட நல்லாப் பேசுவா"ன்னேன்.

"அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

குத்தலா கேக்கலை பூச்சி. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. நான் வாயைத் திறந்தேன். அவங்க நீலத் துணியில நாலு மீட்டர் வெட்டச் சொன்னாங்க. வெட்டிக் குடுத்தேன். பணம் கட்டிட்டுப் போயிட்டாங்க, பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான்.

அதுக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்? தெரிஞ்சா எழுது. தெரியலைன்னாலும் எழுது.

அக்கா